துடிப்பைச் சொல்லும் காப்புக் கயிறு: ஒரு வடிவமைப்புச் சந்தேகம்

1. பாவுநூல் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். நெசவும் மின்னணுவும் சேரும் இடத்தில் எதையாவது செய்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி என்பது இந்த இணையக் குழுவில் பழையவர்களுக்குத் தெரியும். அடுத்த கண்காட்சிக்காக நான் செய்துகொண்டிருக்கும் ஒரு பொருள் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் அதை இங்கே விரித்து வைக்கிறேன்.

நெதர்லாந்து வடிவமைப்பாளர் டான் ரோசகார்டே, ராட்டர்டாமில் உள்ள வி2 ஆய்வகத்தோடும் ஆடை வடிவமைப்பாளர் அனூக் விப்ரெக்டோடும் சேர்ந்து 2010 வாக்கில் உருவாக்கிய ‘இன்டிமசி’ என்ற உடையிலிருந்து இது தொடங்கியது. அந்த உடையின் பரப்பில் துணிக்குப் பதிலாக, மின்சாரத்துக்கேற்ப ஒளிபுகும் தன்மை மாறுகிற மென்தகடு தைக்கப்பட்டிருக்கிறது. அணிந்திருப்பவரை ஒருவர் நெருங்க நெருங்க உடை தெளிந்துகொண்டே போகும். அடுத்த பதிப்பில் அணிபவரின் இதயத் துடிப்பையே அந்தத் தெளிவோடு இணைத்தார்கள். பொய் சொன்னால் ஒளிபுகும் கோட்டு ஒன்றை வங்கியாளர்களுக்குத் தைக்கலாம் என்று ரோசகார்டே பின்னர் சொன்னதும் செய்தியாக வந்தது. சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பேச்சுதான். ஆனாலும் வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்கிற ஒரு நம்பிக்கை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

என் பொருள் அதைவிட எளியது: ஒரு சோடி காப்புக் கயிறு. மஞ்சள் தோய்த்த பருத்தி நூலில் நான் நெய்த பட்டைக்குள் ஓர் உணரி இருக்கிறது. அது பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் அதில் எவ்வளவை விழுங்குகிறது என்பதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. எண்ணியது கைப்பேசி வழியாக மற்றவரின் கயிற்றுக்குப் போய்ச் சேர, அங்கே சட்டைப் பொத்தான் அளவுள்ள அதிர்வு மோட்டார் அதே தாளத்தில் மணிக்கட்டைத் தட்டும். எண்ணோ திரையோ வரைபடமோ கிடையாது. ஒருவர் துடிப்பு மற்றவர் கையில் தெரியும், அவ்வளவுதான்.

நானும் என் கணவரும் பதினொரு நாள் அதைக் கட்டிக்கொண்டிருந்தோம். முதல் மூன்று நாள் அவ்வளவு இதமாக இருந்தது. நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மணிக்கட்டில் அவர் இருந்தார். நான்காம் நாள் பிற்பகல் பட்டறையில் பாவு ஓட்டிக்கொண்டிருந்தபோது கயிறு படபடவென்று அடித்தது. நூலை அப்படியே விட்டுவிட்டு அவரை அழைத்தேன். அவர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க, ‘என்ன ஆயிற்று?’ என்று என்னைக் கேட்டார். இருவரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து, என்னைப் பயமுறுத்த வேண்டாமே என்று, கேன் தூக்குவதற்கு முன் அவர் கயிற்றைக் கழற்றி வைக்கத் தொடங்கினார். கழற்றியதும் என் கையில் அதிர்வு நின்றுவிடும். படபடப்பைவிட அந்த நிறுத்தம்தான் என்னை அதிகம் கலைத்தது. ஏழாம் நாள், ‘மூன்றே காலிலிருந்து நான்கு மணி வரை எங்கே போயிருந்தீர்கள்?’ என்று கேட்டுவிட்டேன். பதினெட்டு ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் நான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

நெருக்கத்துக்காகச் செய்த ஒரு பொருள் ஏழே நாளில் என்னை வாயிற்காவலாளி ஆக்கியிருக்கிறது. கழற்றுவதும் ஒரு செய்தியாகிவிடும்போது, கட்டியிருப்பவருக்கு மௌனமாக இருக்க என்ன வழியை நான் நெய்து கொடுக்க வேண்டும்?

2. மின்தடை (ஞாயிறு, இரவு 11.15)

அம்மா, முதலில் அந்த மென்தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வகைத் தகட்டில் நெகிழிக்குள் திரவப் படிகத் துளிகள் சிதறிக் கிடக்கும். மின்னழுத்தம் இல்லாதபோது துளிகள் ஆளுக்கொரு திசையில் நிற்பதால் ஒளி சிதறி, தகடு பால்போல வெளுத்திருக்கும். அழுத்தம் கொடுத்தால் துளிகள் ஒரே திசையில் அணிவகுக்கத் தகடு தெளியும். சென்னை ரிச்சி தெருவில் ஓர் உள்ளங்கை அளவுத் துண்டு வாங்கி என் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தகட்டுக்கு மின்சாரம் தரும் சிறு மாற்றி மெல்ல ரீங்கரிக்க, தகட்டுக்குப் பின்னால் வைத்திருந்த என் கைரேகை திடீரென்று தெரிந்தது. அது பழுதாகும் விதம்தான் எனக்குப் பிடித்தது. மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் தகடு வெளுத்து மூடிக்கொள்ளும். தெளிவாக இருப்பதற்குத்தான் மின்சாரம் செலவாகிறது. மறைவாக இருப்பது இலவசம். உங்கள் கயிறு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. அது எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதால், வாயை மூடினால் அதுவே சேதியாகிவிடுகிறது.

இரண்டாவது, அந்த உணரியை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். பட்டை தளர்ந்தாலும், கை சில்லிட்டாலும், கையை ஆட்டினாலும் எண்ணிக்கை தாறுமாறாகும். சரியாகவே எண்ணினாலும் அதற்குத் தெரிவது வேகம் மட்டும்தான். பயமா, காபியா, காதலா, மாடிப்படியா என்பது அதற்குத் தெரியாது.

என் யோசனை இது. கழற்றினாலும், மின்கலம் தீர்ந்தாலும், கைப்பேசிக்குச் சிக்னல் போனாலும், மறுமுனையில் ஒரே மாதிரியான அமைதியே இருக்கும்படி செய்யுங்கள். அதோடு, காரணமே இல்லாமல் நாளுக்குச் சில முறை, பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ, கயிறு தானாகவே ஓயட்டும். யார் கழற்றினார்கள், எது தானாக ஓய்ந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாதபோது உங்கள் மூன்றே கால் மணிக் கேள்வி எழாது.

3. நெய்தல்கரை (திங்கள், காலை 6.50)

மின்தடை அவர்களின் யோசனை கெட்டிக்காரத்தனமானது. ஆனால் எனக்கு உறுத்துகிறது. எனக்காக ஓர் இயந்திரம் சாக்குச் சொல்லும் ஏற்பாடு அது. நம்பிக்கை குறைந்துபோன வீட்டில் அந்தத் தானியங்கி ஓய்வும் சந்தேகத்துக்குத் தீனியாகத்தான் போகும்.

பாவுநூல் தேர்ந்தெடுத்த பெயரையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. மஞ்சள் கயிற்றைக் கையில் பார்த்தவுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கூட, ‘எங்கே கிளம்பிவிட்டாய்?’ என்று கேட்பார். காப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பாதுகாப்பும் காவலும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆள் எல்லை தாண்டினால் சொல்லிவிடும் எல்லைவேலி மென்பொருள்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நமக்கு எல்லைவேலி போட்ட கயிறு இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. கட்டும்போதே அவிழ்க்கும் நாளும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கயிற்றுக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகப்பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து கழலும். அவள் வாய் திறக்காமலே அது ஊருக்குச் சொல்லிவிடும், அலர் என்னும் ஊர்ப்பேச்சு எழும். அணிந்தவளையே காட்டிக்கொடுக்கும் அணிகலன் நமக்குப் புதியதன்று. ஆனால் அங்கே தோழி என்று ஒருத்தி நடுவில் நிற்கிறாள். வளை நெகிழ்ந்ததை அவளும் பார்க்கிறாள்; அதைத் தாயிடம் எப்போது, எவ்வளவு சொல்வது, தலைவனிடம் எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அவள் முடிவு செய்கிறாள். பச்சை விளக்கு உணரிக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

4. கருப்பங்கி (திங்கள், பிற்பகல் 1.30)

குடும்ப வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கவிதையிலிருந்து நீதிமன்றத்துக்கு இழுத்து வருவதற்கு மன்னிக்கவும்.

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த ஒரு மணவிலக்கு வழக்கில், கணவர் தன் மனைவியின் கைப்பேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சான்றாக வைத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபர் 30 அன்று அதை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததன் நீட்சி அது. அன்று எங்கள் வழக்கறிஞர் அறையில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

ஆனால் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், வேறொரு மாநிலத்திலிருந்து வந்த வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடல்களைச் சான்றாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், உறவு ஏற்கெனவே முறிந்துபோனதற்கு அதுவே அறிகுறி என்பது அந்த நீதிமன்றத்தின் பார்வை. நோய் முதலில் வந்தது, வேவு அதன் அடையாளம் என்கிறார்கள். பாவுநூல் அம்மாவின் ஏழாம் நாளைப் படித்தபோது எனக்கு இந்த வரிசையில் ஐயம் வந்தது. அவர் வீட்டில் நோய் எதுவும் இல்லை. கருவி வந்த பிறகுதான் கேள்வி வந்திருக்கிறது.

அரசு ஒரு குற்றவாளியைக்கூட அவர் விருப்பமின்றிப் பொய்யறியும் கருவிக்கு உட்படுத்த முடியாது என்று 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் செல்வி வழக்கில் தீர்ப்பாயிற்று. சந்தேக நபர் என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமான எங்கள் வாய்த் தவறு. அந்தக் கருவியும் நாடி, மூச்சு, வியர்வை ஆகியவற்றைத்தான் அளக்கிறது. காவல் நிலையத்தில் கட்டாயமாக வைக்கக் கூடாத ஒன்றை வீட்டில் மஞ்சள் நூலில் கோத்து நாமே கட்டிக்கொள்கிறோம்.

எனவே என் அறிவுரை ஒன்றே. உங்கள் கயிறு எதையும் சேமிக்கக் கூடாது. சேமித்தால், என்றாவது ஒருநாள் என்னைப் போன்ற ஒருவன் அதை நகலெடுத்து, சான்றிதழ் இணைத்து, ஆவணமாகக் குறிக்கச் சொல்லி நிற்பான்.

5. கோடைமழை (திங்கள், மாலை 5.05)

ஒரு கலைப்பொருளின் மேல் இத்தனை பாரத்தை ஏற்ற வேண்டுமா? லண்டனின் கியூட்சர்க்யூட் நிறுவனம் ‘ஹக் ஷர்ட்’ என்று ஒரு சட்டையைச் செய்தது. அதை அணிந்து உங்களை நீங்களே கட்டிக்கொண்டால், எங்கே, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்பதை உணரிகள் அளந்து, தொலைவில் அதே சட்டையை அணிந்திருப்பவருக்கு அந்த அணைப்பை அனுப்பும். 2006 ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைச் சேர்த்தது. அங்கே யார் யாரை வேவு பார்த்தார்கள்? கணவர் எங்கே என்று மனைவி கேட்டது ஒரு குற்றமா? மறைக்க ஏதும் இல்லாதவர்கள் கட்டிக்கொள்ளட்டுமே.

6. அக்கரைமகன் (திங்கள், இரவு 10.20)

கோடைமழை அவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டில். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, காலடிகளையும் துடிப்பையும் எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டு வந்தேன். அவர் நாளில் எத்தனை அடி நடந்தார் என்பது என் கைப்பேசியில் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் அழைப்பேன். ‘ஏம்மா, இன்று நடக்கவே இல்லையா, முட்டி வலியா?’ என்று தொடங்கினால் அரை மணி நேரம் விசாரணைதான். சில மாதம் கழித்து எண்ணிக்கை நன்றாகக் கூடியது. மாலை நான்கிலிருந்து ஐந்து வரை தவறாமல் நல்ல நடை. நானும் மகிழ்ந்து அழைப்பதைக் குறைத்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு முன்னறிவிப்பின்றி ஊருக்குப் போய் மாலை நான்கரைக்கு வாசலில் இறங்கினேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுவன் அதில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறான். ஊஞ்சல் சங்கிலியில் கடிகாரம் கட்டியிருக்கிறது. அம்மா நான்காவது வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார். வெட்டும் நேரத்தில் கூப்பிட்டதற்காக என்னைத்தான் முறைத்தார்.

‘ஏம்மா இப்படிச் செய்தாய்?’ என்று கேட்டேன். ‘அதைக் கட்டிவிட்ட பிறகு நீ என்னைக் கேட்பதையே விட்டுவிட்டாய். அதைத்தானே கேட்டுக்கொள்கிறாய்? அதுவே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்’ என்றார். மறைக்க வேண்டிய எதுவும் அம்மாவிடம் இல்லை. தாயம் ஆடுவதை யாரிடம் மறைக்க வேண்டும்?

7. ஈரக்களிமண் (செவ்வாய், காலை 9.10)

அந்த அம்மாவுக்கு ஊஞ்சல் இருந்தது. எல்லோருக்கும் இருக்காது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் கழற்றும் உரிமை உள்ளவர்களையே மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். திருமணமாகி மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணிடம் மாமியார் வீட்டில் இந்தக் கயிற்றைக் கொடுத்து, ‘அவனும் கட்டியிருக்கிறான், நீயும் கட்டிக்கொள்’ என்று சொன்னால் அவள் கழற்றுவாளா? இருவர் கையிலும் ஒரே கயிறு இருப்பதால் மட்டும் இருவரும் சமமாகிவிட மாட்டார்கள். அவன் கயிறு ஓய்ந்தால் வேலை மும்முரம் என்பார்கள். அவள் கயிறு ஓய்ந்தால் அழைப்பு வரும்.

சாவிக்கொத்தைத் தேடுவதற்கென்று 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் இருப்பிடம் காட்டும் ஏர்டேக் வில்லையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவியைத் தேட முடிந்த அதே வில்லையைப் பெண்களின் பைக்குள்ளும் வண்டிக்கடியிலும் போட்டுப் பின்தொடர்ந்தவர்கள் உண்டு. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, யாருடைய வில்லை உங்களோடு நகர்ந்தாலும் இருவகைக் கைப்பேசிகளிலும் எச்சரிக்கை வரும்படி செய்தது 2024 மே மாதத்தில்தான். இடையில் மூன்று ஆண்டுகள். அந்த வில்லையைத் தீட்டியவர்கள் மனத்தில் இருந்தது தொலைந்த சாவி. பின்தொடரப்படும் பெண்ணுக்கு அங்கே கடைசி இடம்தான்.

பாவுநூல் அவர்கள் குறிப்பிட்ட உடையிலும் முதலில் செய்து முடிக்கப்பட்டது தெளிந்துபோகும் பெண்ணுடை. வங்கியாளரின் கோட்டு அதன் பிறகு பேச்சில் வந்தது. அதே விப்ரெக்ட் பின்னால் செய்த சிலந்தி உடையைத்தான் நான் விரும்புகிறேன். தோளில் சிலந்திக் கால்கள் மடங்கியிருக்கும். யாராவது வேகமாக அருகே வந்தால் உணரிகள் அறிந்து கால்கள் விரிந்து நிற்கும். அணிந்தவளின் மூச்சின் வேகத்தையும் உடை கணக்கில் கொள்ளும். அங்கேயும் உடம்பைத்தான் அளக்கிறார்கள். ஆனால் அளந்தது அணிந்தவளுக்காக வேலை செய்கிறது.

8. மின்தடை (செவ்வாய், இரவு 8.45)

ஈரக்களிமண் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். என் தானியங்கி ஓய்வு அந்தப் பெண்ணுக்கு உதவாது. நெய்தல்கரை சொன்னதையும் பாதி ஏற்கிறேன்.

கருப்பங்கி ஐயாவுக்கு ஒரு விளக்கம். துடிப்பைச் சேமிக்காமல் கடத்திவிட்டு அழிப்பது எளிது. எந்நேரம் எந்தக் கைப்பேசி எந்தக் கைப்பேசியோடு பேசியது என்ற தடம் நடுவிலுள்ள சர்வரில் தங்குவதைத் தவிர்ப்பதுதான் கடினம். உள்ளடக்கம் இல்லாத தடமே எவ்வளவு பேசும் என்பதற்கு ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி உதாரணம் போதும். ஓட்டப் பயிற்சி செய்பவர்களின் பாதைகளை, பெயர் நீக்கி, ஒன்றாகத் திரட்டி, அழகான ஒளிக்கோட்டு உலகப் படமாக 2017 நவம்பரில் வெளியிட்டார்கள். 2018 சனவரியில் பார்த்தால், ஆள் அரவமற்ற பாலைவனங்களில் இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. ஒருவர் பெயரும் அதில் இல்லை. எல்லோரும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஓடியவர்கள்.

9. கோடைமழை (செவ்வாய், இரவு 9.30)

மறைக்க ஏதும் இல்லாதவர்கள் கட்டிக்கொள்ளட்டுமே என்ற என் கடைசி வரியை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் அணைப்புச் சட்டையை விலக்கவில்லை. அதில் அனுப்புகிறவர் தன்னையே கட்டிக்கொண்டால்தான் அணைப்பு போகும். சும்மா இருந்தால் எதுவும் போகாது. பாவுநூல் அவர்களின் கயிற்றில் அனுப்புகிறவர் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா உயிரோடு இருந்தால் போதும். வேறுபாடு அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

10. பாவுநூல் (வியாழன், இரவு 10.05)

இரண்டு நாள் பட்டறையிலேயே இருந்ததால் பதில் எழுதவில்லை. கோடைமழை அவர்கள் கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு நூலைப் பிரித்தேன்.

பட்டையின் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், செம்புக் கம்பி சுற்றிய நூலை ஒரு விரல் அகலத்துக்குக் கோத்திருக்கிறேன். கட்டியிருப்பவர் மறுகைப் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் உணரி விழித்திருக்கும். விரலை எடுத்தால் அணைந்துவிடும். மற்ற நேரம் முழுவதும் இரு கயிறும் வெறும் நூல். எனவே ஓய்ந்திருப்பதற்கு இப்போது தனிப் பொருள் எதுவும் இல்லை. நெய்தல்கரை கேட்ட கடைசி நாளையும் சேர்த்துவிட்டேன். மின்கலத்தைத் திரும்ப ஏற்ற வழி வைக்கவில்லை. அது தீர்ந்த அன்று கயிறு அவிழ்ந்துவிடும்.

ஈரக்களிமண் அவர்களே, உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ‘ஏன் இன்று அழுத்தவில்லை?’ என்று கேட்கும் வீடுகள் இருக்கும். கண்காட்சியில் இரண்டாவது மேசை ஒன்றைக் கேட்டிருக்கிறேன். அதில் பழைய கயிற்றை, பதினொரு நாள் கட்டியதை, அந்த மூன்றே கால் மணிக் கேள்வியோடு வைக்கப்போகிறேன்.

11. மின்தடை (வியாழன், இரவு 10.40)

நல்ல மாற்றம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: திரையில் இரு விரலை வைத்தால் துடிப்பை அனுப்பும் வசதி 2015-இல் வந்த ஆப்பிள் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டில் முதல் வாரம் அனுப்பிக்கொண்டோம். அதோடு சரி, அனுப்ப வேண்டும் என்று நினைவே வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஆனால்?

12. பாவுநூல் (சனி, காலை 7.15)

ஆகலாம். வெள்ளிக்கிழமை காலை கட்டியது முதல் பகல் முழுவதும் ஒன்றும் இல்லை. நான்கு மணி வாக்கில், நான் தறி அச்சில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, மணிக்கட்டில் வேகமாகப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வந்து நின்றது. நான் அழைக்கவில்லை. இரவு வீட்டுக்குப் போனபோது, புதுத் தண்ணீர்க் கேன் சமையலறை வாசலில் இருந்தது.